அதிர்வில் உலகறிந்தவர்

உலகின் மிக ஆழமான சுரங்கம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஆழமே உடையது. புவியின் மையமோ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. எவரும் சென்று காண இயலாத அவ்விடத்தில் தனியொரு கருவம் உண்டென்பதை நிலநடுக்க அலைகளைக் கொண்டு நிறுவியவர் ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம்.

அவர் 1858இல் டப்ளின் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை தாமஸ் ஓல்டாம், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தலைவராக விளங்கியவர். 1869ஆம் ஆண்டின் கச்சார் நிலநடுக்கத்தைப் பற்றித் தாம் எழுதிய அறிக்கை வெளிவரும் முன்னரே, 1878இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு அதே துறையில் பணியேற்ற மைந்தர், தந்தையின் அறிக்கையைப் பதிப்பித்து வெளியிட்டார்.

1897 ஜூன் 12 அன்று அசாமைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஷில்லாங்கின் கற்கட்டடங்கள் தரைமட்டமாயின; ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓல்டாமும் அவர்தம் துறையினரும் அழிவின் சுவடுகளை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தனர். நிலத்தில் புதைந்திருந்த பாறைகள் மேலே தூக்கியெறியப்பட்டிருந்தமையைக் கண்டு, அதிர்வின் கடுமையை அவர் கணித்தார்.

அந்நடுக்கம் தொலைவிலுள்ள ஐரோப்பியக் கருவிகளிலும் பதிவாகியிருந்தது. அப்பதிவுகளை ஆராய்ந்த ஓல்டாம், முதன்மை அலை, இரண்டாம் நிலை அலை, மேற்பரப்பு அலை என மூவகை அலைகளைப் பிரித்தறிந்தார். 1903இல் பணி ஓய்வு பெற்ற பின்னரும் ஆய்வைத் தொடர்ந்தார். புவியின் நடுவே கடந்து மறுபுறம் சேரும் அலைகள் எதிர்பார்த்ததினும் காலந்தாழ்த்தி வந்தன. அவற்றின் வேகத்தைக் குறைக்கும் வேறொரு பொருள் மையத்தில் இருத்தல் வேண்டும் என 1906இல் அவர் உரைத்தார். கருவத்தின் அளவை அவர் குறைவாகவே மதிப்பிட்டார்; பின்வந்தோர் அதனைத் திருத்தினர். எனினும், வழி அவர் காட்டியதே. 1936இல் அவர் மறைந்தார்.

அவ்வழி பின்னர் விண்ணுலகிற்கும் நீண்டது. 1969 முதல் அப்பல்லோ வீரர்கள் நிலவில் நிறுவிய கருவிகள் அதன் அதிர்வுகளைப் பதிவு செய்தன. இன்சைட் விண்கலம் அளித்த பதிவுகளால், செவ்வாயின் கருவம் உருகிய நிலையில் உள்ளதென 2021இல் தெரியவந்தது. 2023இல் சந்திரயான்-3 கலமும் நிலவின் தென்முனைப் பகுதியில் அதிர்வுகளைக் கேட்டது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் பிறந்து மேற்குத் தாம்பரத்தில் பொறியியல் பயின்றவர்.

ஷில்லாங்கை இடித்த நடுக்கமே புவியின் உள்ளமைப்பை அறியவும் வாயிலாயிற்று. பேரழிவின் நடுவிலும் பொறுமையுடன் உண்மை தேடியவர் ஓல்டாம். தந்தை விட்டுச்சென்ற பணியை அவர் ஏற்றார். அவர் விட்டுச்சென்ற பணி இன்றைய இளையோரை நோக்கி நிற்கிறது.