சேட் வால்சந்த் ஹீராசந்த் – தொழில் தொடங்கும் துணிவு

ஆதி பகவனாகிய விருஷப தேவர், கற்பக மரங்கள் வளம் குன்றிய காலத்தில் மக்கள் பசியால் வாடுதல் கண்டு, உயிர் வாழ்தற்குரிய ஆறு தொழில்களைக் கற்பித்தருளினார் என்பது நம் புராண மரபு. வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்பன அவை. இவற்றுள் தமிழ் நாட்டுச் சமணராகிய நாம் உழவையும் கல்வியையும் வாணிகத்தையும் வழிவழியாகப் போற்றி வந்துள்ளோம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களில் ஏர் பிடித்தவர்களின் பெயரர்கள் இன்று தாம்பரத்திலும் சேலையூரிலும் நம் ராஜகீழ்ப்பாக்கத்திலும் குடியேறி, அலுவலகங்களிலும் பெருங்கம்பெனிகளிலும் பணி செய்கின்றனர். ஆறாவதாகிய சிற்பம், அஃதாவது பொருள்களை ஆக்கும் கைத்தொழில், நம்மிடையே அருகியே காணப்படுகிறது. அத்தொழிலை இருபதாம் நூற்றாண்டிற்கு ஏற்ற பேருருவில் எடுத்துச் செய்த திகம்பர சமணர் ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

சேட் வால்சந்த் ஹீராசந்த் 1882ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மகாராட்டிரத்துச் சோலாப்பூரில் பிறந்தார். குசராத்திலிருந்து வந்து அங்குக் குடியேறிய தோஷி குடும்பம் அவருடையது. பருத்தி வாணிகமும் கொடுக்கல் வாங்கலும் குடும்பத் தொழில்கள். பிறந்த சில நாள்களிலேயே தாயை இழந்தார். மும்பை செயின்ட் சேவியர் கல்லூரியிலும் புணே டெக்கான் கல்லூரியிலும் பயின்றார். ஆயினும் படிப்பை நிறைவு செய்யாமல் தொழிலில் இறங்கினார். தந்தையார் நடத்திய கடையில் அமர்ந்திருந்தால் அவருக்கு ஒரு குறையும் நேர்ந்திராது. அவர் மனமோ அதில் பொருந்தவில்லை.

இரயில்வேயில் எழுத்தராக இருந்த லட்சுமணராவ் பாதக் என்பாரோடு கூட்டுச் சேர்ந்து, பார்சி சிறு இரயில் பாதை அமைக்கும் ஒப்பந்த வேலையை 1903ஆம் ஆண்டளவில் ஏற்றார். பாதக்கிடம் வேலையைப் பற்றிய அறிவு இருந்தது. வால்சந்திடம் முதல் திரட்டும் வழி இருந்தது. தமக்குத் தெரியாத தொழிலைத் தெரிந்தவரோடு சேர்ந்து செய்யும் இந்த முறையை அவர் வாழ்நாள் முழுதும் கைவிடவில்லை. பின்னர் அவர் தொடங்கிய ஒவ்வொரு தொழிலிலும் இத்தகைய துணைவர் ஒருவரை நாம் காணலாம். 1926இல் அவர் நிறுவிய கட்டுமான நிறுவனமே இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனி. மும்பைக்கும் புணேக்கும் இடையே போர் கணவாயில் மலையைக் குடைந்து இரயில் சுரங்கங்கள் அமைத்தது அதன் தொடக்க காலப் பணி.

அடுத்து அவர் கண் கடல்மேல் சென்றது. குவாலியர் அரசரிடமிருந்து லாயல்டி என்னும் கப்பல் விலைக்கு வருவதை 1919இல் ஓர் இரயில் பயணத்தின்போது கேள்வியுற்றார். நரோத்தம் மொரார்ஜி முதலிய நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அதனை வாங்கிச் சிந்தியா கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அக்கப்பல் மும்பையிலிருந்து இலண்டனை நோக்கிப் புறப்பட்டது. அந்நாளே இன்று தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் வ.உ. சிதம்பரனார் 1906இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஆங்கிலேயரின் கட்டணப் போட்டியாலும் அரசின் அடக்குமுறையாலும் சில ஆண்டுகளில் வீழ்ந்ததை நாம் அறிவோம். அதே கட்டணப் போட்டி சிந்தியாவையும் தாக்கியது. 1923இல் எதிர்த் தரப்பாரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, கரையோர வாணிகம் என்னும் எல்லைக்குள் பல ஆண்டுகள் அடங்கி நிற்க வேண்டியதாயிற்று. உடன்படிக்கை அவருக்கு உவப்பானதன்று. ஆயினும் வேர் பிடிக்கும் வரை வளைந்து நின்றமையால் அந்நிறுவனம் பிழைத்தது. 1929இல் வால்சந்தே தலைவரானார். 1941இல் விசாகப்பட்டினத்தில் இராஜேந்திர பிரசாத் கப்பல் கட்டும் தளத்திற்கு அடிக்கல் நாட்டினார். அங்குக் கட்டப்பட்ட ஜல உஷா என்னும் கப்பலை 1948 மார்ச் 14ஆம் நாள் பண்டித நேரு கடலில் இறக்கி வைத்தார்.

பெருங்கப்பல்களை எண்ணியவர் குழந்தைகளின் மிட்டாயையும் எண்ணினார் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சுவையான செய்தி. நாசிக் மாவட்டத்து ராவள்காவில், பயிர் விளையாது என்று பிறர் கைவிட்ட கற்பாங்கான நிலத்தை வாங்கி, கல் பொறுக்கி, மண் திருத்தி, கரும்பு விளைவித்தார். 1933இல் அங்குச் சர்க்கரை ஆலை எழுந்தது. 1940களின் தொடக்கத்தில் அவ்வாலையைச் சார்ந்து மிட்டாய்த் தொழிலும் தோன்றியது. மூட்டைச் சர்க்கரை யார் ஆலையில் விளைந்தாலும் ஒன்றே. அதன் விலையைச் சந்தையே தீர்மானிக்கும். அதே சர்க்கரையைக் காய்ச்சி, மணமூட்டி, காகிதத்தில் சுற்றி, ஒவ்வொன்றாக விற்றால் பெட்டிக்கடை தோறும் அது செல்லும். பெயரும் மக்கள் நாவில் நிலைபெறும். நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியார் சர்க்கரையும் மிட்டாயும் செய்ததை அறிந்த தென்னார்க்காட்டுக் குடும்பங்களுக்கு இவ்வுத்தி எளிதில் விளங்கும். புணே மாவட்டத்தில் வால்சந்த் நகர் என்னும் ஊரே கரும்பையும் ஆலையையும் சுற்றி வளர்ந்தது. அங்குள்ள நிறுவனம் பிற்காலத்தில் சர்க்கரை ஆலைகளுக்கு வேண்டிய எந்திரங்களையும், விண்வெளித் திட்டங்களுக்குரிய உறுப்புகளையும் செய்யும் நிலைக்கு உயர்ந்தது.

1939இல் அமெரிக்கா செல்லும் வழியில், விமானம் செய்யும் தொழிலை அறிந்த வில்லியம் பாலி என்னும் அமெரிக்கரை வால்சந்த் சந்தித்தார். அவ்வறிமுகத்தின் பயனாக, மைசூர் அரசின் துணையோடு 1940 டிசம்பரில் பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனி தோன்றியது. திவான் மிர்சா இஸ்மாயில் நிலமும் ஆதரவும் அளித்தார். போர் முற்றியபோது, 1942இல், வால்சந்தின் பங்கை இந்திய அரசு வாங்கிக்கொண்டது. ராஜகீழ்ப்பாக்கத்தில் வாழும் நமக்கு இதில் அண்மைத் தொடர்பு உண்டு. தாம்பரம் விமானப் படைத் தளத்தில் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளியில் பல்லாண்டுகள் பயன்பட்ட கிரண் விமானங்கள் அந்த நிறுவனத்தின் வழிவந்த பெங்களூர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. நம் கூரைகளின்மேல் ஒலியெழுப்பிச் சென்றவை ஒரு சிராவகர் ஊன்றிய வித்தின் கிளைகளே.

கார் செய்யும் முயற்சி எளிதில் கைகூடவில்லை. விசுவேசுவரையா வகுத்த திட்டத்தை மைசூரில் நிறைவேற்ற எண்ணினர். அன்றைய ஆங்கில அரசு இசையவில்லை. வால்சந்த் காத்திருந்து, 1944இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அமெரிக்கக் கிரைஸ்லர் கம்பெனியின் துணையோடு மும்பை குர்லாவில் டாட்ஜ், பிளிமத் கார்களும் ஃபார்கோ லாரிகளும் உருவாயின. பின்னர் அந்நிறுவனத்திலிருந்தே, நம் நடுத்தரக் குடும்பங்கள் ஃபியட் என்று அழைத்து அருமையாகப் பேணிய காரும், அதன் வழிவந்த பத்மினியும் வெளிவந்தன.

இப்பெரியாரை நாம் குறையற்றவர் என்று கூற வரவில்லை. ஒன்றை நிலைநிறுத்துமுன் மற்றொன்றைத் தொடங்கினார் என்றும், கடன் சுமையை அஞ்சாது ஏற்றார் என்றும் குறை கூறியோர் உண்டு. செல்வ வாழ்வை விரும்பியவரே அவர். போர்க் காலத்து விமானத் தொழில் அகிம்சை நெறியாளர்க்கு ஏற்றதா என்று வினவுவோரும் நம்மிடையே இருக்கலாம், அவ்வினா நேர்மையானதே. வாள் என்பது ஆறு தொழில்களில் ஒன்றாக எண்ணப்பட்டதும், இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்டவை முனிவர்க்குரிய மகாவிரதங்களாகாமல் அணுவிரதங்களாக அமைந்ததும் அதற்கு ஒருவாறு விடை தரும். முழு விடையை அவரவர் மனச்சான்றே காண வேண்டும்.

உடல்நலம் குன்றியமையால் 1950இல் பொறுப்புகளிலிருந்து விலகினார். துணைவியார் கஸ்தூர்பாய் உடனிருந்து பணிவிடை செய்ய, 1953 ஏப்ரல் 8ஆம் நாள் குசராத்துச் சித்பூரில் மறைந்தார். அவருக்கு வழித்தோன்றலாக மக்கள் இல்லை. தொழில்களைத் தம்பியரும் அவர்தம் மக்களும் நடத்தினர். சாங்கிலியில் ஒரு பொறியியற் கல்லூரி அவர் பெயரால் விளங்குகிறது.

அவர் ஈட்டியவை எவ்வாறாயின என்பதையும் நாம் அறிதல் நன்று. கப்பல் கட்டும் தளம் 1952இல் அரசின் பொறுப்பிற்கு மாறியது. சிந்தியாவின் கப்பல்கள் இன்று எக்கடலிலும் இல்லை. பத்மினி கார் உற்பத்தி 2000ஆம் ஆண்டை ஒட்டி நின்றது. ராவள்காவ் மிட்டாய்களின் பெயரும் உரிமையும் 2024 பிப்ரவரியில் 27 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸ் குழுமத்தின் நுகர்பொருள் நிறுவனத்திற்கு விற்கப்பட்டன. பொருள் ஒருவரிடம் நிலையாது என்னும் நம் ஆகமங்களின் உண்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆனால் விசாகப்பட்டினத்துத் தொழிலாளி கற்ற கப்பற்கலையும், பெங்களூர் இளைஞர் கற்ற விமானக் கலையும், கல்லாங்காட்டில் கரும்பு விளையும் என்று கண்ட உழவரின் அறிவும் கைம்மாறிக் கைம்மாறி வளர்ந்துகொண்டே இருக்கின்றன. உரிமை அழிந்தாலும் கற்பித்தது அழியவில்லை. ஆதி பகவன் தொழிலைக் கற்பித்தார் என்றே நம் புராணம் போற்றுகிறது. அவர் சேர்த்த செல்வத்தை அது எங்கும் கணக்கிடவில்லை.

நம் இல்லங்களில் மகனோ மகளோ மாதச் சம்பளத்தை விட்டுச் சிறு தொழில் தொடங்க விரும்பினால், பெற்றோர் உடனே அஞ்சுகின்றனர். நெல்லும் மணிலாவும் விளையும் ஊர்களிலிருந்து வந்த நமக்கு, அவற்றை நல்லுணவுப் பொருளாக்கித் தூய்மையாக விற்கும் வழி அயலானதன்று. தொழில் அறிந்த ஒரு துணைவர், உயிர்க்கு ஊறு செய்யாத பொருள், தாங்கக்கூடிய அளவில் கடன் என்னும் மூன்றும் அமையுமாயின், அப்பிள்ளைகளுக்குத் தடையாக நில்லாமல் வாழ்த்தி வழிவிடுவோமாக. ஆறாவது தொழிலும் நம் சமூகத்தில் தழைத்தோங்குக.