பீட்டர் ஸ்காட்

சர் பீட்டர் மார்க்கம் ஸ்காட் (செப்டம்பர் 14, 1909 – ஆகஸ்ட் 29, 1989) இங்கிலாந்தைச் சேர்ந்த பறவையியலாளரும் ஓவியரும் இயற்கைப் பாதுகாப்பாளரும் ஆவார். குளிர்காலத்தில் வடதுருவப் பகுதிகளிலிருந்து பிரித்தானிய நீர்நிலைகளுக்கு வலசை வரும் காட்டு வாத்துகளையும் அன்னங்களையும் வாழ்நாள் முழுவதும் கவனித்து வந்தவர். இளமையில் இதே பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் வேட்டைக்காரராக இருந்த இவர், பின்னர் வேட்டையைக் கைவிட்டு அவற்றின் பாதுகாப்புக்கு உழைத்தார். 1946 ஆம் ஆண்டில் ஸ்லிம்பிரிட்ஜ் என்னும் ஊரில் நீர்ப்பறவைகளுக்கான அறக்கட்டளையை நிறுவினார். 1961 இல் உலக வனவிலங்கு நிதியத்தைத் தோற்றுவித்தவர்களுள் இவரும் ஒருவர்.

இளமை

பீட்டர் ஸ்காட் இலண்டனில் பிறந்தார். இவரது தந்தை, தென்துருவப் பயணி இராபர்ட் பால்கன் ஸ்காட். தாய் கேத்லீன், சிற்பி. தென்துருவத்தை அடைந்து திரும்பும் வழியில் 1912 இல் தந்தை பனியில் உயிரிழந்தபோது பீட்டருக்கு வயது இரண்டு. தந்தை தம் மனைவிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில், மகனுக்கு இயற்கை வரலாற்றில் ஆர்வம் உண்டாக்குமாறு கேட்டுக்கொண்டிருந்தார். தாய் அந்த விருப்பத்தை நிறைவேற்றினார். நாடகாசிரியர் ஜே. எம். பாரி இவரது ஞானத்தந்தை ஆவார்.

ஔண்டில் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் கல்வி பயின்றார். இயற்கை அறிவியல் மாணவராகச் சேர்ந்து, கலை வரலாற்றில் பட்டம் பெற்றார். பின்னர் மியூனிக்கிலும் இலண்டன் அரச கலைக்கழகப் பள்ளியிலும் ஓவியம் கற்றார்.

வேட்டையும் ஓவியமும்

கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில், இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள வாஷ் கழிமுகப் பகுதியில் குளிர்கால விடியற்பொழுதுகளில் வாத்து வேட்டையில் ஈடுபட்டார். சேற்றுநிலத்தில் மணிக்கணக்காகக் காத்திருக்கும் இவ்வேட்டை, பறவைகளின் பறப்பையும் குரலையும் பழக்கங்களையும் இவருக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த அறிவே இவரது ஓவியங்களுக்கும் அடிப்படையாயிற்று. விடியலிலும் அந்தியிலும் கூட்டமாகப் பறக்கும் வாத்துகளை வரைந்த இவரது முதல் இலண்டன் கண்காட்சி 1933 இல் நடைபெற்றது.

1933 முதல் சட்டன் பிரிட்ஜ் அருகே நேன் ஆற்று முகத்துவாரத்திலிருந்த பழைய கலங்கரை விளக்கம் ஒன்றில் தங்கி ஓவியம் வரைந்தார். அங்கு உயிருள்ள வாத்துகளையும் வளர்த்தார்.

ஒருமுறை, சுடப்பட்ட வாத்து ஒன்று இரு கால்களும் முறிந்த நிலையில், மனிதர் செல்ல இயலாத சேற்றில் விழுந்தது. மறுநாளும் அது உயிரோடு இருந்ததைக் கண்ட ஸ்காட், இத்துன்பத்தை விளைவிக்கத் தமக்கு என்ன உரிமை உண்டு என்று எண்ணலானார். ஆயினும் உடனே வேட்டையை விட்டுவிடவில்லை. பல ஆண்டுகள் கழித்தே துப்பாக்கியை முற்றாகக் கைவிட்டார்.

விளையாட்டும் போரும்

1936 ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் தனிநபர் பாய்மரப் படகுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 1963 இல் பிரித்தானிய மிதவை வானூர்தி வாகையர் பட்டத்தையும் வென்றார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றினார். கப்பல்களுக்கான உருமறைப்பு வண்ணங்களை வடிவமைப்பதில் ஈடுபட்டதோடு, விரைவுப் போர்ப்படகுகளுக்குத் தலைமை தாங்கி வீர விருதுகளும் பெற்றார்.

ஸ்லிம்பிரிட்ஜ்

போர் முடிந்த 1945 டிசம்பரில், செவர்ன் ஆற்றுக் கழிமுகத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் வெண்நெற்றி வாத்துகளைக் காண ஸ்காட் ஸ்லிம்பிரிட்ஜுக்குச் சென்றார். போர்க்காலத்தில் கட்டப்பட்ட காவல் அரணைப் பறவை பார்க்கும் மறைவிடமாகக் கொண்டு கூட்டத்தை ஆராய்ந்தபோது, பிரித்தானியாவில் மிக அரிதான சிறிய வெண்நெற்றி வாத்தும் அதில் இருப்பதைக் கண்டார். இவ்விடமே தமது நிலையத்துக்கு உகந்தது என முடிவு செய்தார். 1946 நவம்பரில் செவர்ன் நீர்ப்பறவை அறக்கட்டளை நிறுவப்பட்டது. இது பின்னாளில் நீர்ப்பறவை மற்றும் ஈரநில அறக்கட்டளை எனப் பெயர் பெற்றது.

பறவைகளை அச்சுறுத்தாமல் பொதுமக்கள் அவற்றை அருகிலிருந்து காண வேண்டும் என்பது ஸ்காட்டின் நோக்கமாக இருந்தது. அதற்காகக் கரையோரமாக மறைவுக் குடில்கள் அமைக்கப்பட்டன. முன்பு உணவுக்காக வாத்துகளைப் பிடிக்கப் பயன்பட்ட பழைய பொறிக்குளம், அவற்றைப் பிடித்துக் காலில் வளையமிட்டு மீண்டும் பறக்கவிடப் பயன்படுத்தப்பட்டது. வாத்துக் கூட்டங்களின் மேல் ஏவப்படும் வலைகளும் இங்கு உருவாக்கப்பட்டன. 1951, 1953 ஆம் ஆண்டுகளில் ஐஸ்லாந்தின் நடுப்பகுதிக்குச் சென்று, இளஞ்சிவப்புக்கால் வாத்துகள் ஆயிரக்கணக்கானவற்றுக்கு வளையமிட்டார்.

1947 இல் பிரித்தானியாவில் தன்னார்வலர்களைக் கொண்டு குளிர்கால நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. இதனை ஒருங்கிணைக்கும் பொறுப்பு பின்னர் இவ்வறக்கட்டளைக்கு வந்தது. தத்தம் ஊர் ஏரியையோ நீர்த்தேக்கத்தையோ குளிர்கால மாதங்களில் குறித்த நாளில் சுற்றி நடந்து, காணும் பறவைகளை எண்ணிப் பதிவதே இம்முறை. எந்த நீர்நிலையைக் காக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய இத்தகைய எண்ணிக்கைகள் சான்றாகின்றன.

நேனே வாத்து

ஹவாய்த் தீவுகளுக்கு மட்டுமே உரிய நேனே வாத்து, 1950 அளவில் ஏறத்தாழ முப்பதாகக் குறைந்திருந்தது. அவ்வாண்டில் ஓர் இணை எனக் கருதி ஸ்லிம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்ட இரு பறவைகளும் முட்டையிட்டன. இரண்டும் பெட்டைகள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பின்னர் சேவல் ஒன்று வரவழைக்கப்பட்டு இனப்பெருக்கம் நடைபெற்றது. 1962 இல் இங்கு வளர்க்கப்பட்ட வாத்துகள் மாவி தீவில் விடப்பட்டன. 2019 இல் அமெரிக்க அரசு இவ்வினத்தை உயர் ஆபத்துப் பட்டியலிலிருந்து ஒரு படி கீழே மாற்றியது.

ஏரியின் அன்னங்கள்

ஸ்காட்டின் வீடு ஸ்லிம்பிரிட்ஜில் ஒரு சிறு ஏரியின் கரையில் அமைந்திருந்தது. அவரது ஓவிய அறையின் பெரிய சாளரம் அந்நீரை நோக்கியிருந்தது. 1964 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ருசியாவின் வடதுருவச் சமவெளிகளிலிருந்து வரும் பெவிக் அன்னங்கள் சில அவ்வேரியில் இறங்கின. அவற்றின் அலகிலுள்ள மஞ்சள், கறுப்புத் திட்டுகள் ஒவ்வொரு பறவைக்கும் வேறுபட்டிருப்பதை ஸ்காட் கவனித்தார். முகத்தை முன்புறமும் பக்கவாட்டிலும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரிட்டார். வளையமிடாமலேயே காட்டுப் பறவைகளைத் தனித்தனியே அடையாளம் காண இது வழிவகுத்தது.

ஸ்காட்டின் குடும்பத்தினரும் அறக்கட்டளை ஆய்வாளர்களும் இப்பதிவைத் தொடர்ந்தனர். அதே அன்னங்கள் ஆண்டுதோறும் அதே ஏரிக்குத் திரும்புவதும், இணைகள் நெடுங்காலம் பிரியாதிருப்பதும், குஞ்சுகள் பெற்றோருடனேயே வலசை வருவதும் இதனால் அறியப்பட்டன. லான்சலட் எனப் பெயரிடப்பட்ட அன்னம் இருபதுக்கும் மேற்பட்ட குளிர்காலங்களில் இங்கு வந்தது.

உலகளாவிய பணி

உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டாச் சின்னத்தை வடிவமைத்தவர் ஸ்காட் ஆவார். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் உயிரினப் பிழைப்பு ஆணையத்துக்கு 1963 முதல் 1980 வரை தலைமை வகித்தார். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைப் பட்டியலிடும் செந்தரவு நூல்கள் உருவாக முன்னின்றார். 1955 முதல் 1969 வரை பிபிசி தொலைக்காட்சியில் இயற்கை நிகழ்ச்சி ஒன்றை வழங்கினார். 1973 இல் சர் பட்டம் பெற்றார். 1987 இல் அரச கழக உறுப்பினரானார்.

மறைவும் நினைவும்

தமது எண்பதாவது பிறந்த நாளுக்கு இரு வாரங்களுக்கு முன், 1989 ஆகஸ்ட் 29 அன்று பீட்டர் ஸ்காட் காலமானார். 2000 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இலண்டன் ஈரநில மையத்தில் இவருக்குச் சிலை உள்ளது.

1990களின் நடுப்பகுதிக்குப் பின் ஐரோப்பாவுக்கு வரும் பெவிக் அன்னங்களின் எண்ணிக்கை குறைந்துள்ளது. குளிர் தணிந்து வருவதால் பல அன்னங்கள் பிரித்தானியா வரை வராமல் ஐரோப்பியப் பெருநிலத்திலேயே தங்கிவிடுகின்றன. இம்மாற்றத்தை ஆராய்வதற்கு, ஸ்காட் தம் சாளரத்தருகே அமர்ந்து தொடங்கிய முகப் பதிவுகள் ஆய்வாளர்களுக்கு உதவி வருகின்றன.