80 வயதில் நேருவை எதிர்த்து புதுக்கட்சி... ராஜாஜி கேட்ட பொருளாதார சுதந்திரம் எது?

1950-களில் ஒரு தொழிற்சாலை தொடங்கணுமா? டெல்லி லைசென்ஸ் தரணும். விரிவாக்கணுமா? அதுக்கும் லைசென்ஸ். இதை 'லைசென்ஸ் பெர்மிட் ராஜ்' என்று சொல்லிச் சொல்லியே பிரபலமாக்கியவர் ராஜாஜி.

1878-ல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீலாகி, 1917-ல் நகராட்சித் தலைவரானவர். 1952-ல் முதலமைச்சரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். அரிசியே கிடைக்காதுன்னு பலர் பயந்தாங்க. அப்படி எதுவும் நடக்கல.

1959-ல் நாக்பூர் காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை தீர்மானம் போட்டது. நிலம் விவசாயி கையைவிட்டுப் போயிடும் என்று எதிர்த்த ராஜாஜி, அதே ஆண்டு சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். பணக்காரர் கட்சி என்ற விமர்சனம் கடைசிவரை விடவில்லை. ஆனாலும் 1967-ல் மக்களவையில் 44 இடம், காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சி!

அரசு எதிலும் தலையிடக் கூடாது என்றாரா? இல்லை. குப்பனூர், ஏற்காடு இருக்கும் சேலம் மாவட்டத்தில் 1937-லேயே மதுவிலக்கு கொண்டுவந்தவர் இவர்தான். வருமானம் குறைந்ததும் 1939-ல் விற்பனை வரி போட்டார். கடைக்காரர்களுக்கு அது எப்படிப் பிடிக்கும்?

1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார். பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் ரத்தானது 1991-ல். ரத்து செய்தது காங்கிரஸ் அரசு.