ஹமீத் காட்டிய வழியும் அதன் எல்லையும்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பிரதான வீதியில் அடுத்தடுத்து அமைந்துள்ள ஊர்கள் அக்குறணையும் அலவத்துகொடையும். சிங்கள, முஸ்லிம், தமிழ் மக்கள் அயலவர்களாக வாழும் இப்பிரதேசத்திலிருந்து எழுந்து நாட்டின் வெளிநாட்டமைச்சராக உயர்ந்தவர் மர்ஹூம் ஏ.சி.எஸ். ஹமீத். 1960 ஆம் ஆண்டு முதல் 1999 செப்டெம்பர் 3 ஆம் திகதி காலமாகும் வரை, சுமார் நான்கு தசாப்தங்கள் அவர் பாராளுமன்றத்தில் வீற்றிருந்தார்.

அக்காலம் தேர்தலுக்குத் தேர்தல் ஆட்சி கைமாறிய காலம். அவர் சார்ந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சி 1960 ஜூலையில் 30 ஆசனங்களுக்கும் 1970 இல் 17 ஆசனங்களுக்கும் சுருங்கியது. ஜாம்பவான்கள் பலர் சரிந்த வேளைகளிலும் அக்குறணை அவரைக் கைவிடவில்லை.

அதற்குத் தொகுதியின் அமைப்பும் ஒரு காரணம். சிறுபான்மையினரும் பிரதிநிதித்துவம் பெறுவதற்காக உருவாக்கப்பட்ட பல அங்கத்தவர் தொகுதிகளுள் அக்குறணையும் ஒன்று. இரு ஆசனங்கள் கொண்ட அத்தொகுதியின் இடத்தை 1977 இல் ஹாரிஸ்பத்துவ பெற்றது. எனினும் அமைப்பு மாத்திரம் ஒருவரை நாற்பது ஆண்டுகள் காப்பாற்றுவதில்லை. விகிதாசார முறை வந்தபின், 1989 இலும் 1994 இலும், சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் கண்டி மாவட்டம் முழுவதிலும் விருப்பு வாக்குக் கோரியே அவர் வென்றார்.

1977 இல் வெளிநாட்டு அலுவல்கள் பிரதமரின் பொறுப்பிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனியொரு அமைச்சரிடம் கையளிக்கப்பட்டபோது, அப்பதவியை முதலில் ஏற்றவர் ஹமீதே. 1989 வரை தொடர்ந்தும், 1993-94 இல் மீண்டும் அவர் அதனை வகித்தார். அணிசேரா இயக்கத்திலும் சார்க் அமைப்பின் உருவாக்கத்திலும் இலங்கையின் குரலாக ஒலித்தார். பிரேமதாச ஆட்சியில் விடுதலைப் புலிகளுடனான பேச்சுவார்த்தையை முன்னின்று நடத்தியவரும் அவரே. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணம் சென்று அதனைத் தடுக்க முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை.

ஆனால் அவரது வழிக்கு ஓர் எல்லையும் இருந்தது. 1984 இல் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் இஸ்ரேலிய நலன்காக்கும் பிரிவு திறக்கப்பட்டபோது முஸ்லிம்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். வெளிநாட்டமைச்சர் ஒரு முஸ்லிமாக இருந்தும் தீர்மானம் மாறவில்லை. அவரும் பதவி துறக்கவில்லை. 1990 இல் அப்பிரிவு மூடப்பட்டபோது அவர் அப்பொறுப்பில் இருக்கவில்லை.

இதற்கு மாறான வழியை எம்.எச்.எம். அஷ்ரப் 1988 ஜனாதிபதித் தேர்தலில் காட்டினார். வெற்றி தோல்வியைச் சில ஆயிரம் வாக்குகள் தீர்மானிக்கக்கூடிய நிலையில் அவர் பேரம் பேசினார். 12.5 சதவீதமாக இருந்த வெட்டுப்புள்ளி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்காவில் இருபக்கமும் சாயக்கூடிய மாநிலமான மிச்சிகனிலும் இதே கணக்குத்தான். அங்கு 2016 இல் ட்ரம்ப் 10,704 வாக்குகளால் வென்றார். 2020 இல் பைடன் வென்றார். காஸா யுத்தத்தால் சினமுற்ற டியர்போர்ன் நகரின் அரபு, முஸ்லிம் வாக்காளர் பலர் 2024 இல் ஜனநாயகக் கட்சியைக் கைவிட்டனர். அம்மாநிலம் மீண்டும் ட்ரம்பிடம் சென்றது. எனினும் வாக்கை மீளப்பெற்றதனால் காஸாவுக்கு விடிவு கிட்டியதா என்ற கேள்வி அவர்களையும் விட்டு அகலவில்லை.

பேரம் பேசுவதற்கு ஒரு தேர்தல் போதும். அயல் சமூகத்தின் நம்பிக்கையைப் பெறவோ ஒரு வாழ்நாள் வேண்டும். பின்னதைச் சாதித்தவர் ஹமீத். எமது வாக்கு எப்படியும் தமக்கே உரியது என்று ஒரு கட்சி எண்ணத் தொடங்கினால், அமைச்சரவையில் எமக்குக் கிடைக்கும் கதிரை வெறும் கதிரையே என்பதையும் அவரது வாழ்வே உணர்த்துகிறது. தேசியக் கட்சிகளில் இன்று இடம் தேடும் தமிழ், முஸ்லிம் அரசியல்வாதிகள் இவ்விரு பாடங்களையும் சேர்த்தே கற்க வேண்டும்.