நெசவாளரின் போதகர்

இங்கிலாந்தின் மேற்கு நடுப்பகுதியிலே கிடர்மின்ஸ்ரர் என்றோர் ஊர் உண்டு. பிற்காலத்தில் கம்பளங்களாற் பெயர்பெற்ற அவ்வூர், பதினேழாம் நூற்றாண்டிற் கைத்தறி நெசவாளர் நிறைந்த சிறு பட்டினமாக இருந்தது. 1641ஆம் ஆண்டில் அங்கே போதகராக வந்தவர் றிச்சேட் பக்ஸ்ரர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. பல்கலைக்கழகப் படியை மிதித்தறியாதவர். நோய் நீங்காத உடம்பினர். நெடுநாள் வாழ்வோமென்ற நம்பிக்கை அவருக்கே இருந்ததில்லை.

அவர் 1615ஆம் ஆண்டு சுரொப்சயரில் உள்ள றோற்றன் என்னுங் கிராமத்திற் பிறந்தார். அவருடைய தந்தை இளமையிற் சூதாட்டத்தாற் கடன்பட்டு, பின்னர் வேதாகமத்தைத் தாமே வாசித்து மனந்திரும்பியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரவர் கம்பத்தைச் சுற்றி ஆடிப் பாடும்போது, தந்தை வீட்டிலிருந்து வேதம் வாசிப்பார். அதற்காக ஊரார் அவரைப் பியூரித்தன் என்று பழித்தனர். பழித்தவரின் நடையையும் பழிக்கப்பட்டவரின் நடையையும் சிறுவன் ஒப்பிட்டுப் பார்த்தான். எந்தப் பக்கம் சேர்வது என்பதை அவன் தீர்மானித்தது அந்த முற்றத்திலேதான் என்று கொள்ளலாம்.

உள்நாட்டுப் போர் மூண்டதும் பக்ஸ்ரர் ஊரைவிட்டு நீங்க நேர்ந்தது. பாராளுமன்றப் படையிற் குருவாகச் சில காலம் இருந்து, உடல் முற்றாகத் தளர்ந்து, 1647இல் மீண்டார். இனிச் சாவுதான் என்றெண்ணிய நோய்ப் படுக்கையில், தம் ஆறுதலுக்கென மறுமையைப்பற்றி எழுதத் தொடங்கினார். அதுவே பரிசுத்தவான்களின் நித்திய இளைப்பாறுதல் என்ற பெயரோடு 1650இல் வெளிவந்து புகழ்பெற்ற பெருநூல்.

அவருடைய பெயரை நிலைநிறுத்தியது, அதன்பின் அவர் அவ்வூரிற் செய்த ஒரு வேலை. பிரசங்க பீடத்தில் அவருக்கு நிகரானோர் சிலரே; கூட்டம் தாங்காமற் கோவிலில் மேன்மாடங்கள் கட்டவேண்டியதாயிற்று. வேறொருவராயின் அதனோடு மகிழ்ந்திருப்பார். பக்ஸ்ரருக்கோ ஓர் ஐயம் எழுந்தது. தாம் சொல்வது கேட்பவரின் உள்ளத்தில் எவ்வளவு தங்குகின்றது? தனித்தனியே அழைத்துப் பேசிப் பார்த்தார். ஆண்டுக்கணக்காகத் தவறாமற் கோவிலுக்கு வந்தவர்களிற் சிலர், கிறிஸ்து தேவனா மனிதனா என்பதைக்கூட அறியாதிருந்தனர். பத்தாண்டுப் பிரசங்கம் புகட்டாததை அரைமணிநேரத் தனியுரையாடல் புகட்டிவிடுவதையும் அவர் கண்டார். வகுப்பறையிற் பாடஞ் சொல்லும் நம் ஆசிரியர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆயினும் அதைக் கண்டபின் தம் வாரத்தையே மாற்றியமைத்தவர் எத்தனைபேர்?

அவர் மாற்றியமைத்தார். திங்கள், செவ்வாய் இரு நாள்களும் குடும்பங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன. வினாவிடைச் சுவடி வீடுதோறும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டது. குறித்த நாளில், பட்டினத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக அவரிடம் வந்தன; சுற்றுக் கிராமங்களுக்கு அவருடைய உதவிப் போதகர் சென்றார். ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம். முதலில் மனனஞ் செய்ததை ஒப்புவித்தல், பின் அதன் பொருளை விளக்கல், கடைசியாக அவரவர் வாழ்வைப்பற்றி விசாரித்தல் என்று அது நடந்தது. பிறர் முன்னிலையில் யாரும் நாணமுறாதபடி கவனித்துக்கொண்டார். எண்ணூறு குடும்பங்களைக் கொண்ட அக்கோவிற்பற்று முழுவதும் ஓராண்டுக்குள் இவ்வாறு கற்பிக்கப்பட்டது.

நெசவாளரின் தொழிலும் இதற்குத் துணைசெய்தது. தறியில் இருந்தபடியே எதிரே ஒரு புத்தகத்தை விரித்து வைக்கலாம். பக்கத்துத் தறிக்காரனோடு பேசவுஞ் செய்யலாம். தாம் எழுதிய நூல்களிற் பதினைந்துக்கு ஒன்றைப் பதிப்பாளரிடம் இலவசமாகப் பெற்று, ஏழைகளுக்குப் பக்ஸ்ரர் வழங்கினார். வைத்தியர் இல்லாத ஊராகையால் மருந்துங் கொடுத்தார்; காசு வாங்கவில்லை. நோயாளர் வாசலில் நெருங்கி ஊழியத்துக்கே இடையூறாகவே, தகுந்த வைத்தியர் ஒருவரைக் கொண்டுவந்து குடியேற்றிவிட்டு விலகிக்கொண்டார். அவர் வந்த காலத்தில் ஒரு தெருவுக்கு ஒரு குடும்பமே வீட்டில் வழிபட்டதாம். பின்னாளிலோ சில தெருக்களில் வழிபடாத குடும்பம் ஒன்றுகூட இல்லை.

1655 டிசம்பரில் ஊஸ்ரர் நகரிற் கூடிய போதகர்முன் இதைப்பற்றிப் பேச ஆயத்தஞ் செய்தார். நோயினாற் போக முடியவில்லை. பேச்சு நூலாக விரிந்து 1656இல் வெளிவந்தது. சீர்திருந்திய போதகர் என்பது அதன் பெயர். போதகன் முதலில் தன்னைக் காத்துக்கொள்ளவேண்டும், பின்பே மந்தையை என்று அப்போஸ்தலர் நடபடிகளின் இருபதாம் அதிகாரத்தில் நின்று அது வாதிக்கின்றது.

1660இல் முடியாட்சி மீண்டது. எரவேட் ஆயர் பதவி அவரைத் தேடிவந்தது, மறுத்துவிட்டார். கிடர்மின்ஸ்ரருக்குத் திரும்பினாற் போதுமென்றார், அது கிட்டவில்லை. 1662இல் வழிபாட்டு ஒருமைச் சட்டம் அவரையும் ஏறத்தாழ இரண்டாயிரம் போதகரையும் பீடங்களிலிருந்து நீக்கியது. போதகனுக்கு இல்லறம் இடைஞ்சல் என்று எழுதிய அவர், அதே ஆண்டில் மாகிறற் சால்ற்றன் என்னும் இளம்பெண்ணை மணந்தார். ஊழியத்துக்குரிய நேரத்தைத் தான் கேட்பதில்லை என்று அவள் உடன்பட்டாள். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அவள் மறைந்தபோது, அவளுடைய வாழ்வை எழுதினார். அவர் எழுதியவற்றில் மிக மென்மையானது அதுவே என்பேன்.

மற்றைய நூல்களிற் சொற்பெருக்கம் அதிகம்; தர்க்கக் கடுமையுங் குறைவில்லை. நண்பரோடும் மோதினார். விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுவது பற்றிய அவருடைய கருத்தை அவர் பக்கத்தாரே ஐயுற்றனர். ஆனால் பீடமிழந்த காலத்தில் எழுதி 1673இல் வெளியிட்ட கிறிஸ்தவ வழிகாட்டி வேறு வகையானது. கணவன் மனைவி, எசமான் வேலைக்காரன், வாங்குவோன் விற்போன் ஆகிய எல்லாரையும் அது வேதத்தின் முன் நிறுத்துகின்றது. பண்டத்தின் குறையை மறைத்து விற்பதும், வாங்குவோனின் இல்லாமையைக் கண்டு விலையேற்றுவதும் பாவமே என்கின்றது. மனிதரைப் பிடித்து அடிமைகளாக்குவோரைக் கொள்ளையரோடு சேர்க்கின்றது.

1685இல், புதிய ஏற்பாட்டு விளக்கவுரையில் ஆயர்களை இகழ்ந்தார் என்று வழக்குத் தொடரப்பட்டது. நீதியரசர் ஜெவ்றிஸ், எழுபதை எட்டிக்கொண்டிருந்த அந்த நோயாளியை மன்றிலே வசைபாடினார். அபராதங் கட்டாமையாற் பக்ஸ்ரர் சிறையில் இருந்து, 1686இன் பிற்பகுதியில் விடுதலையடைந்தார்.

1691 டிசம்பர் 8ஆம் நாள் அவர் இறந்தார். அதற்குச் சிறிது முன்னர், ஏழைக் குடியானவருக்காக நிலக்கிழாரிடம் பரிந்துபேசும் சிறு நூலொன்றை எழுதி முடித்திருந்தார். குத்தகை கட்டுதற்காகத் தம் வெண்ணெயையும் கோழியையும் விற்றுவிட்டு, ஓர் அதிகாரம் வாசிக்கவும் பிள்ளைக்குக் கற்பிக்கவும் நேரமின்றி உழல்வோருக்காக எழுதிய நூல் அது. அச்சேற அதற்கு 1926வரை காத்திருக்க நேர்ந்தது.