பார்பரா மக்ளின்டாக் அம்மையார்

அமெரிக்க நாட்டின் ஹார்ட்ஃபோர்டு நகரில், 1902ஆம் ஆண்டு சூன் திங்கள் 16ஆம் நாள் பார்பரா மக்ளின்டாக் பிறந்தார். தந்தையார் மருத்துவர். நான்கு மக்களுள் மூன்றாமவராகிய பார்பரா, இளமையிலேயே தனித்திருந்து சிந்திப்பதில் விருப்பம் மிக்கவர். பள்ளிப்படிப்பு முடிந்ததும் கல்லூரி செல்ல விழைந்தார். மிகுதியாகக் கற்ற பெண்ணுக்கு மணமகன் வாய்ப்பது அரிது என அஞ்சி அன்னையார் தடுத்தார். போர்ப்பணியிலிருந்து மீண்ட தந்தையார் மகளின் பக்கம் நின்றார். 1919இல் கார்னெல் பல்கலைக்கழகத்து வேளாண்மைக் கல்லூரியில் பார்பரா சேர்ந்தார். அம்மையார் இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை; அதனை ஒரு குறையாக அவர் எண்ணியதுமில்லை.

அங்கே அவர் ஆராய எடுத்துக்கொண்ட பயிர் மக்காச்சோளம். பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டு செல்பவை மரபணுக்கள். அவை உயிரணுவினுள் குரோமோசோம் என்னும் இழைகளில் அமைந்துள்ளன. சோளத்தின் குரோமோசோம்கள் பத்தினையும் நுண்ணோக்கியில் ஒன்றினின்று ஒன்று பிரித்தறியும் வழியை அவர் கண்டார். 1927இல் முனைவர் பட்டம் பெற்றார். 1931இல் தம் மாணவியாகிய ஹாரியட் கிரைட்டனுடன் சேர்ந்து, குரோமோசோம்கள் தம்முள் பகுதிகளை மாற்றிக்கொள்ளும்போது மரபணுக்களும் உடன்மாறுகின்றன என்பதை மெய்ப்பித்தார்.

1941இல் நியூயார்க்கு மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வு நிலையத்திற்குச் சென்றார். அதன் பின்னர் வாழ்நாள் முழுவதும் அதுவே அவருக்கு இல்லமாயிற்று. கதிர்களை உரித்து நோக்கியபோது, சில மணிகள் வெளிறியும் அவற்றின்மேல் ஊதாநிறப் புள்ளிகள் சிதறியும் இருக்கக் கண்டார். அப்புள்ளிகளை அம்மையார் எண்ணினார், அளந்தார், ஆண்டுதோறும் விதைத்துப் பார்த்தார். குரோமோசோமின் சிறு துண்டு ஒன்று தன் இடத்தைவிட்டுப் பெயர்ந்து, நிறம் தரும் மரபணுவினுள் புகுந்துகொள்கிறது. உடனே நிறம் அழிகிறது. மணி வளர்கையில் ஏதேனும் ஓர் உயிரணுவில் அத்துண்டு வெளியேறினால், அதன் வழிவந்த அணுக்கள் மட்டும் மீண்டும் நிறம் பெறுகின்றன. முன்னரே வெளியேறின் புள்ளி பெரிது. பிந்தி வெளியேறின் சிறிது. இவ்வாறு ஒரு சோளமணியின் புள்ளியிலிருந்து மரபணுவின் நடமாட்டத்தையே அவர் கணித்தார்.

1951இல் அறிஞர் பேரவை ஒன்றில் இதனை விளக்கினார். அவையோ பெரும்பாலும் வாளாவிருந்தது. மரபணுக்கள் நூலில் கோத்த மணிகளைப்போல் அசையாது நிற்பவை என்பது அக்காலத்தார் கொள்கை. அம்மையார் பெயரறியாதவர் அல்லர். 1944இலேயே அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தில் உறுப்பினரானவர். அத்தகையவர் சொல்லும் ஏற்கப்படாமையே வியப்புக்குரியது. சில ஆண்டுகளில், தம் ஆய்வுகளை அறிவியல் இதழ்களில் விரிவாக வெளியிடுவதை அவர் பெரிதும் குறைத்துக்கொண்டார். ஆயினும் வயலுக்குச் செல்வதைக் கைவிடவில்லை.

அவர் கண்டது உண்மை என உலகிற்கு உணர்த்தியவை பாக்டீரியாக்கள். சோளம் ஒருமுறை விளையத் திங்கள்கள் பல வேண்டும். பாக்டீரியாவோ உணவு நன்கு கிடைப்பின் இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். 1960களின் இறுதியில், நம் குடலில் வாழும் பாக்டீரியாவை ஆராய்ந்தோர், அதன் மரபணுக்கள் சில திடீரெனச் செயலற்றுப் போவதைக் கண்டனர். வேறோர் இடத்துத் துண்டு இடையில் புகுந்ததே காரணம் எனத் தெளிந்தனர்.

இது மருத்துவத்தையும் தொட்டது. பாக்டீரியாவில் முதன்மைக் குரோமோசோமுக்குப் புறம்பாகப் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையங்களும் உண்டு. இவற்றுட் பல, ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றிற்குச் செல்ல வல்லவை. 1950களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் பல மருந்துகளை ஒருசேர எதிர்த்து நின்றன. அவ்வெதிர்ப்பாற்றல் கிருமியிலிருந்து கிருமிக்குத் தொற்றிச் செல்வதை அந்நாட்டு அறிஞர் கண்டறிந்தனர். அதனைச் சுமந்து சென்றவை பிளாஸ்மிட்டுகளே. மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் பல, அம்மையார் கண்டவை போன்ற பெயரும் துண்டுகளில் ஏறிப் பிளாஸ்மிட்டுக்கும் குரோமோசோமுக்கும் இடையே தாவுகின்றன என்பது 1970களில் வெளிப்பட்டது.

1983இல் மருத்துவத்துறை நோபெல் பரிசு, பிறரோடு பகிரப்படாமல் அவர் ஒருவருக்கே வழங்கப்பெற்றது. அப்போது அகவை 81. அவர் இல்லத்தில் தொலைபேசி இல்லை. வானொலி வாயிலாகவே அச்செய்தியை அறிந்தார். 1992ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2ஆம் நாள், தொண்ணூறு வயது நிறைந்த நிலையில், ஆய்வு நிலையத்திற்கு அருகிலுள்ள ஹண்டிங்டனில் அம்மையார் இயற்கை எய்தினார்.