'பெட் நம்பர் 12' இல்லை, ஒரு மனுஷி: யார் இந்த ஐடா ஸ்கடர்?

ஆஸ்பத்திரி வார்டுல 'பெட் நம்பர் 12-க்கு ஊசி போட்டாச்சா?'ன்னு கேட்பதைப் பலரும் கேட்டிருப்போம். அந்த 12-ம் நம்பர் படுக்கையில் இருப்பவருக்கு ஒரு பெயர், ஒரு பயம், ஒரு வீடு இருக்கு. அதையும் சேர்த்துப் பார்ப்பதைத்தான் நர்சிங் துறையில் 'நோயாளியை மையமாகக் கொண்ட பராமரிப்பு' என்கிறார்கள். இந்தச் சொல் வருவதற்கு முன்பே, தமிழ்நாட்டில் இதற்காக வாழ்ந்தவர் ஐடா ஸ்கடர்.

மூன்று மரணங்கள்

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. அமெரிக்க மிஷனரி டாக்டர் குடும்பம். ஆனால் டாக்டராகும் ஆசை அவருக்குக் கொஞ்சமும் இல்லை. படிப்பு முடித்து, திண்டிவனத்தில் இருந்த பெற்றோரைப் பார்க்க வந்தார்.

அங்கே ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்தார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

கவனிச்சுப் பாருங்க. டாக்டர் இருந்தார், மருத்துவமும் இருந்தது. அந்தப் பெண்கள் ஏற்கக்கூடிய வடிவத்தில்தான் அது இல்லை. அவர்களிடம் என்ன வேணும்னு யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு படுக்கையில் தொடக்கம்

ஐடா அமெரிக்கா திரும்பி, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட அக்கல்லூரியின் முதல் வகுப்பு அது. 1900-ல் வேலூரில், அப்பாவின் வீட்டிலேயே ஒற்றைப் படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

டாக்டர் சில நிமிடம்தான் நோயாளி பக்கத்தில் நிற்பார். மீதி நேரம் முழுக்க நர்ஸ்தான். ஆனால் அன்று, அடுத்தவர் உடம்பைத் தொட்டுத் துடைக்கும் வேலை தீட்டு என்று ஒதுக்கப்பட்டது. பல குடும்பங்கள் பெண்களை அனுப்பத் தயங்கின. அந்தச் சூழலில், 1909-ல் நர்சிங் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார் ஐடா. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல்தான் வந்தது. அதாவது, நர்ஸ்களுக்குப் பிறகே டாக்டர்கள்!

மரத்தடி மருத்துவம்

அழகர்கோவில் பக்கம் உள்ளவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லாமலே புரியும். சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையை விட்டு இறங்கி, மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று, சனங்களைத் தேடி மதுரைக்கு வருவார். மலையேற முடியாத பாட்டிக்கும் வீட்டுப் பக்கத்திலேயே தரிசனம் கிடைத்துவிடும்.

ஐடாவின் சாலையோர மருத்துவமும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். குடியாத்தம் சாலையில் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மரத்தடிகளில் அவரது வண்டி நிற்கும். நடக்க முடியாதவர்களும், ஊர் ஒதுக்கிவைத்த தொழுநோயாளிகளும் அங்கே காத்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு ஏன் வரலைன்னு திட்டாமல், வர முடியாத காரணத்தைப் புரிந்துகொண்ட ஏற்பாடு அது.

இன்றைக்கு என்ன அர்த்தம்?

அவர் தொடங்கியதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. அங்கே 1946-ல் நர்சிங், பட்டப்படிப்பாக உயர்ந்தது. நாட்டிலேயே அதை முதலில் தொடங்கிய கல்லூரிகளில் அதுவும் ஒன்று. 1960 மே 24-ம் தேதி, கொடைக்கானலில் 89 வயதில் ஐடா காலமானார்.

நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, ஊசி எதற்கென்று முன்பே சொல்வது, உடை மாற்றும்போது திரையை இழுத்துவிடுவது, யார் கூட இருக்கணும்னு அவரையே கேட்பது. இதுக்கெல்லாம் புது மெஷின் எதுவும் தேவையில்லை. ஆனால் ஒரு நர்ஸ் தலையில் மொத்த வார்டையும் கட்டிவிட்டால், நின்று கேட்க அவருக்கு நேரம் ஏது? போதுமான நர்ஸ்களை நியமிப்பதும் நோயாளிக்குத் தரும் மரியாதைதான்.